காயத்தைப் பார்த்ததும் கத்தாதீர்கள்

"எல்லாரும் தன்னைக் கவனிக்கணும்னுதான் இப்படிப் பண்றா." மகளை என்னிடம் மனநல ஆலோசனைக்கு அழைத்துவரும் பெற்றோர் பலர் இப்படித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். அந்தப் பெண்ணோ தானே ஏற்படுத்திக்கொண்ட காயங்களைப் பல மாதங்களாக மறைத்தே வந்திருப்பாள்.

தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது பெரும்பாலும் 12 முதல் 14 வயதுக்குள் தொடங்குகிறது. இப்படிச் செய்யும் எல்லாப் பிள்ளைகளும் சிறுவயதில் கொடுமைக்கு ஆளானவர்கள் அல்லர். ஆனால் அப்படி ஆளானவர்களுக்கு ஆபத்து மிக அதிகம். 1998இல் அமெரிக்காவில் ஃபெலிட்டி குழுவினர் வெளியிட்ட ஆய்வில், குழந்தைப்பருவத்தில் கொடுமை, குடும்பச் சிக்கல் ஆகியவற்றில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகைகளைச் சந்தித்தவர்களிடம், எதையும் சந்திக்காதவர்களைவிடத் தற்கொலை முயற்சி ஏறத்தாழ 12 மடங்கு கூடுதலாக இருந்தது.

பயந்த குழந்தை பெரியவர்களின் அணைப்பில்தான் அமைதியாகப் பழகுகிறது. அந்தப் பெரியவரே பயத்துக்குக் காரணமானால் யாரிடம் ஓடும்? பதின்வயதில் உணர்ச்சிகள் கொதிக்கும்போது அவற்றைத் தணிக்கும் வழி அதற்குத் தெரிவதில்லை. உடல்வலி மனவலியைச் சற்று நேரம் மறக்கடிக்கிறது. பிறகு குற்றவுணர்வு, மறுபடியும் அதே செயல். சிலருக்கு நேர்மாறு: உள்ளே எல்லாம் மரத்துப்போய், எதையாவது உணர்ந்தால் போதும் என்றிருக்கும்.

பிள்ளைகள் என்னிடம் அதிகம் சொல்வது தங்களையே தண்டித்துக்கொள்வதைப் பற்றி. "தப்பு என் மேலதான்" என்பார்கள். அம்மாவோ அப்பாவோ கெட்டவர் என்று நம்புவதைவிட, தான் கெட்டவள் என்று நம்புவது குழந்தைக்கு எளிது. தினமும் "நீ பிறக்காமலே இருந்திருக்கலாம்" என்று கேட்டு வளர்ந்தவளுக்கு அந்தக் குரல் உள்ளேயே குடியேறிவிடுகிறது. "நாங்க ஒரு அடிகூட அடிச்சதில்லையே" என்று பெற்றோர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். கடுஞ்சொல்லும் ஓர் அடிதான்.

காயத்தைக் கண்டுபிடித்ததும் திட்டினால் அதே குரல் இன்னும் வலுக்கிறது. சத்தியம் வாங்காதீர்கள், அடுத்த முறை இன்னும் நன்றாக மறைப்பார்கள், அவ்வளவுதான். காயத்துக்கு மருந்திடுங்கள். "செத்துப்போகணும்னு தோணுதா?" என்று நேரடியாகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால் தனியே விடாமல் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். உணர்ச்சிகளைக் கையாளக் கற்றுத்தரும் சிகிச்சைகள் இருக்கின்றன. அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹான் உருவாக்கிய டிபிடி (Dialectical Behaviour Therapy) அவற்றில் ஒன்று.

முதல் சந்திப்பிலேயே பிள்ளையோடு தனியாகப் பேச நேரம் கேட்பேன். பெற்றோர் சிலர் கோபிப்பார்கள். கொடுமை செய்பவர் அதே வீட்டில் இருந்தால், சிகிச்சைக்கு முன் பிள்ளையின் பாதுகாப்புக்குத்தான் வழி செய்ய வேண்டும்.