எச்.ஐ.வி சோதனைக்கு ஒருவருடைய சிபாரிசுத் துண்டும் வேண்டாம்

இலங்கையில் எச்.ஐ.வி சோதனை இலவசம். மருந்தும் 2004 முதல் இலவசம். யாழ். போதனா வைத்தியசாலையில் இதற்கென்று எஸ்.ரி.டி (பாலியல் நோய்) கிளினிக் இருக்கிறது. பின்னணி இவ்வளவு போதும். அந்தக் கதவுவரை போய்ச் சேர்வதுதான் பெரும்பாடு.

ஓபிடியில் (வெளிநோயாளர் பிரிவில்) காட்டித் துண்டு வாங்கி வா என்று யாராவது சொல்வார்கள். தேவையில்லை, நேரே போகலாம். ஓர் ஆஸ்பத்திரியில், வரிசை முழுக்கக் கேட்க "என்ன வருத்தத்துக்கு வந்தனீர்?" என்று கேட்டதும் ஒன்றும் பேசாமல் திரும்பிய பெடியன் ஒருவரை எனக்குத் தெரியும். மேசையில் இருப்பவருக்கு அது சொல்ல வேண்டிய விசயமே இல்லை. "டொக்டரிட்டச் சொல்லுறன்" என்றால் போதும். ஊர்க்கண்ணுக்குப் பயமென்றால் வேறு மாவட்டக் கிளினிக்குக்குப் போங்கள்.

தொற்றியிருக்குமோ என்று சந்தேகப்பட்ட சம்பவம் நடந்து 72 மணித்தியாலம் ஆகவில்லையா? தடுப்பு மருந்து பற்றி அன்றைக்கே டொக்டரிடம் கேளுங்கள், நாள் கடத்த விடாதீர்கள். அடுத்த கிழமையே தனியார் லாப்பில் சோதித்து, 'இல்லை' என்று வந்ததும் நிம்மதியாகிவிடுவது இன்னொரு பொறி. சில சோதனைகளில் தொற்றுத் தெரிய 3 மாதம்வரை ஆகலாம். திரும்ப எப்போது சோதிக்க வேண்டும் என்று கேட்டு எழுதி வையுங்கள்.

உடம்பு காட்டித் தரட்டும் என்று இருப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். தொற்றி 2 முதல் 4 கிழமையில் சிலருக்குக் காய்ச்சல், தொண்டைநோ, தோலில் சிவப்புப் பொட்டு வரும், நெறி கட்டும். டெங்குவோ என்று பயந்து பனடோல் போடுவார்கள், தானாக மாறிவிடும். மற்றவருக்கு மிகச் சுலபமாகத் தொற்றுகிற காலமும் அதுதான். பிறகு மருந்தில்லாமல் சராசரியாகப் பத்து வருடமளவுக்கு வெளியில் ஒன்றும் தெரியாது. உள்ளே நோயை எதிர்க்கிற சிடி4 கலங்கள் செத்துக்கொண்டிருக்கும். ஒரு கன மில்லிமீற்றர் இரத்தத்தில் 500க்கு மேல் இருக்க வேண்டியவை 200க்குக் கீழே போனால் அது எயிட்ஸ் நிலை. வாயில் வெள்ளை படிதல், அக்கி, நிற்காத வயிற்றோட்டம், மெலிவு, காசநோய் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும்.

அப்போதும் அலைச்சல் முடியாது. இருமலுக்கு ஒரு டொக்டரிடம் சனல், தோலுக்கு இன்னொரு டொக்டரிடம் சனல். குடும்பஸ்தன், திருவிழா உபயகாரர், அவரிடம் போய் இந்தச் சோதனையை எப்படிச் சொல்வது என்று டொக்டர்மார் எழுதாமலே விடுவார்கள். நீங்களே கேளுங்கள். காசநோய் என்று முடிவானால் கட்டாயம் கேளுங்கள்.

"சிடி4 நல்லாயிருக்கு, மருந்து தொடங்கப் பிறகொருநாள் வாங்கோ" என்று யாரும் சொன்னால், அது பழைய முறை. எண்ணிக்கை எதுவானாலும் உடனே தொடங்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2015இலேயே மாற்றிவிட்டது. நாளாந்தம் குளிசை போட்டு, இரத்தத்தில் வைரஸ் அகப்படாத அளவுக்குக் குறைந்து அப்படியே இருந்தால் உடலுறவால் மற்றவருக்குத் தொற்றாது. சுகமாயிருக்கிறதென்று நிறுத்தினால் வைரஸ் திரும்பவும் பெருகும். கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போகிறவர்கள் குளிசை தீருமுன்பே கிளினிக்கில் சொல்லி, மாற்றல் கடிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டு புறப்படுங்கள்.