வெள்ளையாக இருப்பதெல்லாம் யார்க்ஷயர் அல்ல

"யார்க்ஷயர் இன ஆண் பன்றின்னு சொல்லித்தான் வாங்கினேன் டாக்டர். அதுக்குப் பிறந்த பத்துக் குட்டியில நாலு கருப்பு. எப்படி?" என்று பண்ணையாளர் ஒருவர் கேட்டார். போய்ப் பார்த்தேன். அந்த ஆண் பன்றி நல்ல வெளுப்பு, வாட்டசாட்டமான உடம்பு. அதனுடன் சேர்த்த பெண் பன்றி முழுக் கருப்பு. வேறு ஆண் எதுவும் அதை அண்டவில்லை என்பதும் உறுதியானது.

விடை அந்தக் குட்டிகளிடமே இருந்தது. யார்க்ஷயர், லாண்ட்ரேஸ் இனங்களின் வெள்ளை நிறம் ஓங்குபண்பு: அதற்கான மரபணு பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், குட்டி வெள்ளையாகிவிடும். தூய யார்க்ஷயர் ஆண் தன் குட்டிகள் அத்தனைக்கும் வெள்ளைக்கான மரபணுவைக் கொடுத்துவிடும். தாய் கருப்பாக இருந்தாலும் குட்டிகள் வெள்ளையாகப் பிறக்கும். சிலவற்றின் தோலில் நீலத் திட்டு தெரியும், அவ்வளவுதான். நாலு குட்டி கருப்பாக வந்தால், அந்த ஆணிடம் வெள்ளைக்கான மரபணு ஒற்றையாகத்தான் இருக்கிறது என்று அர்த்தம். அதாவது அது கலப்பினம். விற்றவருக்கே இது தெரியாமல் இருந்திருக்கலாம். தூயதும் கலப்பும் நிறத்தில் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

அதனால்தான் நிறத்தோடு நிறுத்தாமல் காதைப் பாருங்கள் என்று சொல்லி வருகிறேன். யார்க்ஷயரும் லாண்ட்ரேஸும் வெள்ளைதான். ஆனால் இங்கிலாந்தில் தோன்றிய யார்க்ஷயருக்குக் காது நிமிர்ந்து நிற்கும், முகம் லேசாகக் குழிந்திருக்கும். டென்மார்க்கின் லாண்ட்ரேஸுக்குக் காது முன்பக்கமாகச் சரிந்து கண்ணை மறைக்கும். தோளைச் சுற்றி வெள்ளைப் பட்டை போட்ட கருப்புப் பன்றி என்றதும் ஹாம்ப்ஷயர் என்கிறார்கள். காது தொங்கினால் அது சேடில்பேக் ஆக இருக்கலாம். ஹாம்ப்ஷயரின் காது நிமிர்ந்தது. நான்கு கால், மூக்கு, வால் என ஆறு இடத்தில் மட்டும் வெள்ளை உள்ள கருப்புப் பன்றிகளிலும் இதே கதைதான். நிமிர்ந்த காது பெர்க்ஷயர், தொங்கும் காது போலந்து சைனா. செம்பழுப்பு நிறத்தில் டூராக்கின் காது நுனி முன்னால் மடிந்திருக்கும். டாம்வொர்த்தின் காது விறைப்பாக நிற்கும், மூக்கும் நீளம்.

கலப்பினத்தில் காது பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். அங்கே கண்ணை நம்பக் கூடாது, பதிவேட்டைக் கேட்க வேண்டும்.

சரி, இனம் தெரிந்துவிட்டது. அது எந்த வேலைக்கு ஏற்றது? யார்க்ஷயரும் லாண்ட்ரேஸும் தாய்வழிக்கு உரியவை. குட்டி அதிகம், பால் அதிகம், பொறுமையாக வளர்க்கும். டூராக், ஹாம்ப்ஷயர், பியட்ரேன் தந்தைவழிக்கு. வளர்ச்சிக்கும் இறைச்சிக்கும் அவற்றை வைத்துக்கொள்கிறார்கள். யார்க்ஷயர், லாண்ட்ரேஸ் கலந்த பெண்ணுக்கு டூராக் ஆணைச் சேர்ப்பது பல நாடுகளிலும் வழக்கம். அப்படிப் பிறக்கும் குட்டிகள் வேகமாக வளரும், இறைச்சிக்கு உரியவை. நன்றாக வளர்ந்திருக்கிறதே என்று அந்தப் பெண் குட்டிகளைத் தாய்ப்பன்றியாக நிறுத்துவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. இரண்டு ஈற்றுக்குள் குட்டி எண்ணிக்கை ஏமாற்றிவிடும். சீனாவின் மெய்ஷான் இதற்கு நேர் எதிர்: சுருக்கம் விழுந்த முகம், மூன்று மாதத்திலேயே பருவம், ஈற்றுக்குச் சுமார் பதினைந்து குட்டி. ஆனால் வளர்ச்சி மெதுவு, கொழுப்பும் அதிகம்.

பியட்ரேன் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெல்ஜியத்து இனம். வெள்ளையில் கரும்புள்ளி, திரண்ட பின்தொடை. அந்தத் தொடையைப் பார்த்து மயங்காதவர் குறைவு. ஆனால் இந்த இனத்தில் அழுத்த நோய்க்கான மரபணு பரவலாக இருந்தது. வண்டியில் ஏற்றினாலோ, சண்டை போட்டாலோ, வெயிலில் ஓடினாலோ உடம்பு விறைத்து, சூடு ஏறி, மூச்சிரைத்து அங்கேயே விழுந்து செத்துவிடும். வெட்டினாலும் இறைச்சி வெளிறி, நீர் கசியும். இதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை 1991-இல் கண்டுபிடித்தார்கள். பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்தால்தான் நோய் முழுமையாக வெளிப்படும். ஒருவரிடமிருந்து வந்த பன்றி பார்க்க ஆரோக்கியமாகவே இருக்கும். இப்போது டி.என்.ஏ. பரிசோதனையில் தெரிந்துவிடுகிறது, அந்த மரபணு நீக்கிய பியட்ரேன் வம்சங்களும் கிடைக்கின்றன. பரிசோதனைச் சான்று இல்லாத பியட்ரேனை தயவுசெய்து வாங்காதீர்கள்.

லாண்ட்ரேஸ் வாங்கும்போது நடக்கவிட்டுப் பாருங்கள். முதுகு நீளம் என்பதால் பின்னங்கால் பலவீனம் அங்கே எட்டிப் பார்க்கும். வெள்ளை இனங்கள் எல்லாவற்றுக்கும் நிழல் கட்டாயம். வெயிலில் தோல் சிவந்து வெந்துபோகும். தொற்று நோய் என்று பதறி என்னை அழைத்தவர்கள் உண்டு.

முதலில் சொன்ன அந்த ஆண் பன்றியை விரட்டச் சொல்லவில்லை. கால் திடம், நல்ல வளர்ச்சி. இறைச்சிக் குட்டிகளுக்கு அதுவே போதும். அதன் பெண் குட்டிகளை மட்டும் யார்க்ஷயர் என்று யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்றேன், ஒத்துக்கொண்டார். அடுத்த ஆணை வாங்கப் போனபோது நானும் கூடப் போனேன். முதலில் அதன் தாயைப் பார்த்தோம், கூடப் பிறந்தவற்றைப் பார்த்தோம், அவற்றில் எதற்காவது குடலிறக்கம் இருந்ததா என்று விசாரித்தோம். அப்புறம் அந்த ஆணின் அடிவயிற்றில் கைவைத்துக் காம்புகளை எண்ணினேன். ஆணுக்கு எதற்கு டாக்டர் காம்பு என்று கேட்டார். உள்வாங்கிய காம்பை அதுவும் மகள்களுக்குக் கொடுக்கும் என்றேன். பதினான்கு இருந்தது, இடைவெளி சீராக, ஒன்றுகூட உள்வாங்காமல்.