படிவத்தோடு வருகிறவரிடம் முதலில் நீங்கள் கேளுங்கள்

சில வருடங்களுக்கு முன் பாம்பன் பக்கம் ஒரு மீனவர் குடியிருப்பில் மனநல சர்வே எடுத்துக்கொண்டிருந்தேன். நான் சமூகப் பணியாளர். கையிலிருந்த படிவம் "கடந்த இரண்டு வாரங்களில்" என்று தொடங்கும். தூக்கம் கெட்டதா, சோர்வாக இருந்ததா, எதிலும் நாட்டம் இல்லாமல் போனதா என்று கேட்டு, எத்தனை நாள் என்று குறித்துக்கொள்ள வேண்டும். கடல்பாசி எடுக்கப் போகும் அக்கா ஒருவர் பாதியில் என்னை நிறுத்தினார்.

"அந்த ரெண்டு வாரத்துல எந்த நாளக் கேக்குறீக? தண்ணி வத்துற நாளயா, சும்மா கெடக்குற நாளயா?"

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் கடல் நன்றாக வற்றும். அந்த நாட்களில் விடியும் முன் எழுந்து, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, முங்கி முங்கிப் பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பறிப்பார்கள். மற்ற நாட்களில் வேறு வேலை, அல்லது வேலையே இருக்காது. முதல் வகை நாளின் சோர்வு முதுகிலும் கையிலும் வருவது. இரண்டாவது வகை நாளின் சோர்வு கடன் கொடுத்தவரின் குரலோடு வருவது. என் படிவம் இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாக்கியது. அந்த எண்ணை நானும் மேலே அனுப்பிவிட்டேன். அறிக்கை தயாரானது. அந்தக் குடியிருப்புக்கு அதிலிருந்து ஒரு தாள்கூடப் போகவில்லை. இதில் என் பங்கு தப்பும் உண்டு.

மன்னார் வளைகுடாவில் தீவுகள் 21. கடல்சார் தேசியப் பூங்கா 1986-லிருந்து இருக்கிறது. பவளப்பாறையை எண்ண வருகிறார்கள், மீனை எண்ண வருகிறார்கள், அப்புறம் மனிதர்களின் கவலையையும் எண்ண வருகிறார்கள். எண்ணி முடித்தவர்கள் திரும்பி வந்து சொல்வதுதான் அபூர்வம்.

இது நம் கரையின் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவில் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் வாழும் ஹவாசுபாய் மக்களிடம் 1990-களில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை நோய்க்காக என்றுதான் அந்த மக்கள் நம்பிக் கொடுத்தார்கள். அதே ரத்தம் மனச்சிதைவு ஆய்வுக்கும், அவர்களின் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்ற ஆய்வுக்கும் போனது. வழக்கு நடந்து, 2010-ல் 41 பேருக்கு 7 லட்சம் டாலர் தரவும், மிச்சமிருந்த மாதிரிகளைத் திருப்பிக் கொடுக்கவும் பல்கலைக்கழகம் ஒத்துக்கொண்டது. பள்ளத்தாக்கில்தான் பிறந்தோம் என்று நம்பும் மக்களிடம், அவர்கள் கேட்காமலே, "இல்லை, நீங்கள் வேறு எங்கிருந்தோ வந்தவர்கள்" என்று சொன்னது பணத்தால் ஆறுகிற காயமா?

கனடாவின் பழங்குடி மக்கள் 1998-லேயே நான்கு விதிகளை வகுத்துக்கொண்டார்கள். எங்களைப் பற்றிய தகவலின் உரிமை எங்களுடையது. அதை எப்படிச் சேகரிப்பது, பயன்படுத்துவது என்பது எங்கள் கட்டுப்பாட்டில். நாங்கள் கேட்டால் பார்க்கக் கிடைக்க வேண்டும். அது எங்கள் கைவசம் இருக்க வேண்டும். நியூசிலாந்தில் மாவோரிப் பழங்குடியைச் சேர்ந்த மனநல மருத்துவர் மேசன் டூரி 1980-களில் நலவாழ்வை ஒரு வீடாக வரைந்து காட்டினார். உடம்பு, மனம், குடும்பம், ஆன்மா என்று நான்கு சுவர்கள். ஒன்று சரிந்தால் வீடு நிற்காது. மனத்தை மட்டும் பிரித்தெடுத்து மதிப்பெண் போடும் என் படிவத்தில் குடும்பத்துக்கு இடம் இல்லை, கடலுக்கும் இல்லை.

சட்டப்படி நம் மீனவர்கள் பழங்குடிப் பட்டியலில் இல்லை. சேர்க்கச் சொல்லும் கோரிக்கை பல காலமாக இருக்கிறது. பட்டியல் எப்படியோ போகட்டும், இந்தக் கரையில் மக்களே செய்யும் ஆராய்ச்சிக்குப் பஞ்சமில்லை. பாசி எடுக்கும் பெண்கள் மாதம் 12 நாள்தான் எடுப்பது, பாசி பெருகும் பருவத்தில் நிறுத்துவது, உலோகச் சுரண்டிகளைத் தொடுவதில்லை என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். பாசி எப்போது வளர்கிறது, எதைச் செய்தால் வேர்பிடிக்காமல் போகிறது என்று கவனிக்காமல் இது முடியுமா? சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015-ல், தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி விருது கிடைத்தபோதுதான் வெளியுலகம் இவர்களைத் திரும்பிப் பார்த்தது. பாம்பனிலிருந்து பேசும் கடல் ஓசை 90.4 சமூக வானொலியும் அப்படித்தான்: கடலைப் பற்றிக் கடல்காரர்களே பேசுகிறார்கள்.

அந்த அக்காவின் கேள்விக்குப் பிறகு, இன்னொரு குடியிருப்பில் ஆறு பெண்களோடும் கல்லூரி போகும் இரண்டு மகள்களோடும் உட்கார்ந்தேன். நான் கொண்டுபோன கேள்விப் பட்டியலைத் திருப்பிப் போட்டு அதன் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார்கள். "மன அழுத்தம்" என்ற சொல் ஒருவர் வாயிலும் வரவில்லை. "நெஞ்ச அடைக்குது", "வயிறு காந்துது" என்றார்கள். நேற்று ராத்திரி தூங்கினாயா, வீட்டு ஆள் கடலில் இருந்தாரா, வீட்டை விட்டுக் கிளம்பி எவ்வளவு நேரம் கழித்து ஒதுங்க முடிந்தது என்பவை அவர்கள் வைத்த கேள்விகள். தேதியோடு காற்றையும் தண்ணீரையும் குறித்தார்கள்: கச்சான், வாடை, வற்று, பெருக்கு. மகள்கள் நோட்டில் எழுதினார்கள்.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது என் ஊகம் பொய்த்தது. புயல் எச்சரிக்கை வந்த இரவுகளில்தான் தூக்கம் மோசமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். நோட்டில் மோசமான இரவுகள் பாசி வியாபாரி கணக்கு முடிக்கும் நாளுக்கு முந்தையவை. இன்னொன்றும் தெரிந்தது: கடலில் ஒதுங்க வழியில்லை என்பதால் கிளம்பும்போது தண்ணீரே குடிப்பதில்லை. நீர்க்கடுப்பு உண்டா என்று எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். தண்ணீர் குடிக்கிறாயா என்று யாரும் கேட்டதில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு அவர்களே போய்க் கரையில் கழிப்பறை கேட்டார்கள். இன்னும் வரவில்லை.

ஊரே ஆய்வு செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஊர் என்பது ஒரே குரல் இல்லை. விசைப்படகு வைத்திருப்பவரும் நாட்டுப்படகுக்காரரும் ஒரே கடலை ஒரே மாதிரி பார்ப்பதில்லை. ஊர்க் கூட்டத்தில் ஆண்கள் பேசி முடித்தால் பெண்களின் பேச்சும் முடிந்ததாகக் கணக்கு. அந்த நோட்டுகூட கூட்டத்தில் எழுதப்பட்டது இல்லை, பாசி காயவைக்கும் இடத்தில் எழுதப்பட்டது.

சரி, நாளைக்கு உங்கள் வாசலில் ஒருவர் டேப்லெட்டோடு நின்றால்? இந்தக் கேள்விகளை யார் எழுதினார்கள் என்று கேளுங்கள். பதில் எங்கே போகும், யார் வைத்திருப்பார்கள், அச்சாகும் முன் எங்களுக்குப் படித்துக் காட்டுவீர்களா என்று கேளுங்கள். ரத்தமோ சிறுநீரோ கேட்டால், இதற்கு மட்டும்தானா என்று எழுதி வாங்குங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, உடல்நல ஆய்வில் விவரத்தாள் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். யாரிடம் புகார் சொல்வது என்ற தொடர்பு விவரம் அதில் இருக்க வேண்டும். சம்மதித்த பிறகும் நடுவில் விலகிக்கொள்ளலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. கையெழுத்துப் போட்டால் ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டால் கோபிக்கிறவரிடம் பதில் சொல்லாமல் இருப்பதே நல்லது.

போன மாதம் என்னோடு வேலை செய்யும் ஒருவர், கருத்தரங்கில் காட்ட அந்த நோட்டின் படங்களை அனுப்பச் சொன்னார். என்னிடம் இல்லை, அவர்களிடம் இருக்கிறது, கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்டேன். இந்தத் தண்ணி வத்துற நாள் முடியட்டும், உட்கார்ந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள்.