ஒட்டுவில்லில் அழகு எங்கே, பலம் எங்கே?

ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் நிழலுக்காக நிற்கும் சில்வர் ஓக்கை அழகான மரம் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அதன் நடுவை நோக்கி, ஆரவாக்கில் அறுத்துப் பாருங்கள். பலகை முழுக்க மீன் செதில் போல மின்னும். வீட்டில் வேட்டை வில் செய்பவருக்கு அதைப் பார்த்ததும் கை துறுதுறுக்கும். சரி, மெல்லிய அடுக்குகளை ஒட்டிச் செய்யும் ஒட்டுவில்லில் அதை எங்கே வைப்பது?

நாணை இழுக்கும்போது வில்லின் இலக்கைப் பார்க்கும் பக்கம் நீள்கிறது, நம்மைப் பார்க்கும் பக்கம் நசுங்குகிறது. நடுவில் நீளாமலும் சுருங்காமலும் ஒரு தளம் இருக்கும். ஒரே மரத்தால் ஆன வில்லில், தடிமனின் நடுப்பாதி மொத்த விறைப்பில் எட்டில் ஒரு பங்குதான் தருகிறது. மீதி ஏழு பங்கும் வெளிப்புறத்து உழைப்பு. அதனால்தான் இருபுறமும் ஃபைபர் கிளாஸை (கண்ணாடி இழை) ஒட்டி, நடுவே எடை குறைந்த மரமோ மூங்கிலோ வைக்கிறார்கள். நடுமரம் சும்மா இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு பக்கமும் ஒன்றைவிட்டு ஒன்று வழுக்கிப் போகாமல் பிடித்திருப்பது அதுதான்.

ஃபைபர் கிளாஸ் வேண்டாம் என்றால் மூங்கில் இருக்கிறது. அதன் நார்கள் தோலருகே நெருக்கமாகவும், உள்ளே போகப் போக விலகியும் இருக்கும். இயற்கையே சரியான இடத்தில் பலத்தை வைத்திருக்கிறது. தோல் பக்கம் இலக்கைப் பார்க்கட்டும். அங்கே இழைப்புளி அதிகம் படக் கூடாது.

தோதகத்தி, அதாவது ரோஸ்வுட்? பழைய கட்டில் கால் ஒன்று கிடைத்தால் பிடிக்கு அதைவிட நல்லது கிடையாது. பிடி வளைவதில்லை, எடை இருந்தால் கையும் ஆடாது. ஆனால் அதே மரத்தை நுனியில் ஒட்டினால் அம்புக்குப் போக வேண்டிய ஆற்றலில் ஒரு பகுதி நுனியை நகர்த்துவதிலேயே போய்விடும்.

சில்வர் ஓக்கை அரை மில்லிமீட்டர் தாளாகச் சீவி, ஒளி புகும் ஃபைபர் கிளாஸுக்கு அடியில் வைக்கலாம். அழகு தெரியும், சுமை கண்ணாடி இழையின் மேல் விழும். ஆனால் அழகும் இலவசமில்லை. விறைப்பு தடிமனின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். 10 மில்லிமீட்டர் 11 ஆனால் 33 சதவீதம் கூடும். தாள் சேர்த்த அளவுக்கு நடுமரத்தைக் குறைக்காவிட்டால் உங்களால் இழுக்க முடியாத வில்தான் கிடைக்கும்.

பசை எப்பாக்ஸி. தேக்கில் எண்ணெய்த் தன்மை உண்டு, அசிட்டோனால் துடைத்த பிறகே ஒட்ட வேண்டும். துடைக்காமல் ஒட்டிய என் முதல் வில், மூன்றாம் இழுப்பில் வாய் பிளந்தது. கிளாம்பை வெறித்தனமாக முறுக்குவதும் தவறு. பசை முழுதும் பிதுங்கி வெளியே வந்துவிடும்.

வேட்டை வில் என்பது பெயருக்குத்தான். ஒரே அம்பில் யானை முதல் உடும்பு வரை வீழ்த்தியதாகப் பாடப்பட்ட வல்வில் ஓரியின் கொல்லிமலை பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுப்பதால் நமக்கு வைக்கோல் இலக்குதான்.

அப்புறம் ஒன்று. மலை மேல் காய்ந்ததாகத் தோன்றும் பலகை, சேலத்து வெயிலுக்கு இறங்கினால் இன்னும் ஈரம் விட்டுச் சுருங்கும். வில் எங்கே இருக்கப் போகிறதோ அந்த வீட்டிலேயே சில வாரம் கிடக்கட்டும். சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்றதும் பசையைக் கலக்கலாம்.