மொரீஷியஸ் பயணம்: விடுதிக்கு முன் நாட்காட்டியைப் பாருங்கள்

மொரீஷியஸ் போக விரும்பி எங்களிடம் வருபவர்களில் பெரும்பாலோர் ஒரு கடற்கரை விடுதியை மனத்தில் முடிவு செய்துகொண்டுதான் வருகிறார்கள். விடுதியும் விமானச் சீட்டும் உறுதியானால் போதும், சிறிய தீவுதானே, மற்றதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர்களுடைய கணக்கு. ஏறத்தாழ 65 கிலோமீட்டர் நீளமும் 45 கிலோமீட்டர் அகலமும் கொண்ட ஓர் இடத்தைப் பற்றி அப்படி நினைப்பதில் வியப்பில்லை. ஆனால் பயணங்களைத் திட்டமிட்டுக் கொடுக்கும் தொழிலில் நான் கண்டவரை, அங்கிருந்து மனக்குறையோடு திரும்புகிறவர்களில் விடுதியைக் குறை சொல்பவர்கள் குறைவு. பொருந்தாத வாரத்தில் போனவர்களும், தீவின் பொருந்தாத பக்கத்தில் தங்கியவர்களுமே அதிகம். ஆகவே முதலில் இரண்டு நாட்காட்டிகளைப் பார்க்கச் சொல்கிறேன். ஒன்று காற்றுக்கும் மழைக்கும் உரியது; மற்றொன்று அங்கு வாழும் மக்களின் விழாக்களுக்கு உரியது.

மொரீஷியஸ் தென் அரைக்கோளத்தில் இருப்பதால் நமக்குக் கோடை நடக்கும்போது அங்கே குளிர்காலம் தொடங்குகிறது. மே முதல் அக்டோபர் வரை வெயில் மிதமாகவும் மழை குறைவாகவும் இருக்கும். ஆனால் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தென்கிழக்குக் காற்று வலுப்பதால், பெல் மார் போன்ற கிழக்குக் கரையில் தங்குகிறவர்கள் கடலில் இறங்கத் தயங்கிக் கரையிலேயே உட்கார்ந்திருக்க நேரும். அதே நாட்களில் மலைகளின் மறைவில் உள்ள மேற்குக் கரையில், பிளிக் ஆன் பிளாக் பக்கம், கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். நடு மேட்டுநிலத்தில் உள்ள கியூர்பிப் நகரில் மழை அடிக்கடி பெய்யும் என்பதால், கடற்கரையில் வெயில் அடிக்கிறதே என்று குடையில்லாமல் கிளம்பக் கூடாது.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். தை முகூர்த்தத்தில் திருமணம் முடித்த கையோடு தேனிலவுக்குக் கிளம்பும் நம் இணைகள் சரியாக அதன் நடுவில் போய் இறங்குகிறார்கள். 2024 ஜனவரியில் பெலால் புயலின்போது தலைநகர் போர்ட் லூயியின் தெருக்களில் கார்கள் வெள்ளத்தில் மிதந்தன. அங்கே புயல் எச்சரிக்கை நான்கு நிலைகளில் அறிவிக்கப்படுகிறது. மூன்றாம் நிலை வந்துவிட்டால் பேருந்தும் கடைகளும் நின்றுவிடும், விடுதிக்குள்ளேயே இருக்க வேண்டும். இதற்காக அந்த மாதங்களில் போகவே வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. தேதி மாற்ற இடம் தரும் விமானச் சீட்டும், இயற்கைச் சீற்றத்தால் பயணம் தடைப்பட்டால் ஈடு தரும் காப்பீடும் இல்லாமல் போக வேண்டாம் என்றே சொல்கிறேன். காப்பீட்டுப் பத்திரத்தில் அந்த விதி உண்மையில் எழுதப்பட்டிருக்கிறதா என்பதைப் பணம் கட்டும் முன் படித்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது நாட்காட்டியைப் புரிந்துகொள்ள, தீவுக்கு யார் யார் எப்படி வந்தார்கள் என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். ஆதிக்குடிகள் என்று எவரும் இல்லாத நிலம் அது. 1598-இல் வந்திறங்கிய டச்சுக்காரர்கள் 1710-இல் கைவிட்டுப் போனார்கள். 1715-இல் பிரெஞ்சுக்காரர்களும் 1810-இல் ஆங்கிலேயர்களும் கைப்பற்றினார்கள். ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகள் கொண்டுவரப்பட்டார்கள். 1730-களில் பிரெஞ்சு ஆளுநர் லா பூர்தொனே புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்களை வரவழைத்தார். அடிமைமுறை 1835-இல் ஒழிக்கப்பட்ட காலத்தை ஒட்டி, கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் வரத் தொடங்கினார்கள். சீன வணிகர்களும் குஜராத்தி முஸ்லிம் வணிகர்களும் வந்து சேர்ந்தார்கள். இந்தக் கலப்பை அந்நாட்டுப் பணத்தாள்களிலேயே காணலாம்: 25 ரூபாயில் சீன வம்சாவளியினரான மொய்லின் ஆ-சுவென், 100 ரூபாயில் தமிழரான ரெங்கநாதன் சீனிவாசன், 200 ரூபாயில் முஸ்லிம் தலைவர் அப்துல் ரசாக் முகமது, 1000 ரூபாயில், அடிமைகளின் வழிவந்தவர்களான கிரியோல் சமூகத்தின் தலைவர் கயேத்தான் துவால். தாள்களில் தமிழ் எழுத்தும் அச்சிடப்பட்டிருக்கிறது. 1998-இல் வெளியிட்ட தாள்களில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கியதற்குத் தமிழர்கள் கிளர்ந்தெழுந்ததால், அவற்றைத் திரும்பப் பெற்று அடுத்த ஆண்டு புதிதாக வெளியிட்டார்கள்.

இத்தனை சமூகங்களின் விழாக்களும் அங்கே அரசு விடுமுறைகள். தைப்பூசக் காவடி, சீனப் புத்தாண்டு, மகா சிவராத்திரி, உகாதி, ரம்ஜான் பெருநாள், விநாயகர் சதுர்த்தி, தீபாவளி, கிறிஸ்துமஸ் ஆகியவற்றோடு, அடிமைமுறை ஒழிப்பு நாளான பிப்ரவரி 1, ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய நாளான நவம்பர் 2 ஆகியவையும் விடுமுறைகளே. விடுமுறை நாளில் போர்ட் லூயி வெறிச்சோடிக் கிடக்கும். சிவராத்திரியை ஒட்டிய சில நாட்களில் தீவெங்கிலுமிருந்து இலட்சக்கணக்கானோர், பலர் காவடிகளை ஏந்திக்கொண்டு நடந்தே, தெற்கிலுள்ள, இந்துக்கள் புனிதமாகக் கருதும் கங்கா தலாவ் ஏரிக்குப் போவதால் அந்தப் பக்கச் சாலைகளில் வண்டி நகராது. அந்த வாரத்தில் ஷாமரேல் என்ற ஊரில் பயணிகள் பார்க்கப் போகும் ஏழு வண்ண மண்மேடுகளையும் ஏரியையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று எழுதித் தரும் திட்டத்தை நம்ப வேண்டாம். மாறாக, கூட்டத்தோடு கூட்டமாக நடக்க விரும்புகிறவர்களுக்கு அதைவிடச் சிறந்த வாரம் கிடையாது.

தைப்பூசத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பத்து நாள் விரதமிருந்து, அலகு குத்தி, பூக்காவடி சுமந்து வருகிறவர்களில் தமிழரல்லாத முகங்களையும் காணலாம். வெளியூரார் என்று யாரும் தடுப்பதில்லை. ஆனால் அது வழிபாடு. அலகு குத்தும்போது முகத்துக்கு நேரே கைபேசியை நீட்டுவது நம்மூரில் எவ்வளவு அநாகரிகமோ அங்கேயும் அவ்வளவே. தமிழர் வீடுகளில் உரையாடும் மொழி பெரும்பாலும் பிரெஞ்சிலிருந்து கிளைத்த கிரியோல்தான் என்பதால், நெற்றியில் விபூதி பூசியவரிடம் தமிழில் பேசி அவர் விழித்தால் அதைக் குறையாகச் சொல்லிக் காட்டக் கூடாது. நம்மவர்கள் சிலர் அங்கே போய் அப்படிப் பாடம் நடத்துவதை நான் கேள்விப்பட்டிருக்கிறேன். எனக்கு அது கூச்சமாக இருக்கிறது. தலைமுறைகளுக்கு முன் கடல் கடந்த குடும்பம் முருகனை விடாமல் வைத்திருக்கிறது என்பதை முதலில் எண்ணிப் பார்க்கலாம்.

ஐந்து நாள் பயணத்தில் ஒரு வேலைநாளையாவது போர்ட் லூயிக்கு ஒதுக்குங்கள். துறைமுகத்தை ஒட்டி, ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய இடமான அப்ரவாசி காட், 2006 முதல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். 1834-க்கும் 1920-க்கும் இடையில் ஏறத்தாழ ஐந்து இலட்சம் இந்தியர்கள் இந்தத் துறைமுகத்தில் வந்திறங்கினார்கள். அவர்கள் ஏறிய பதினாறு படிகள் இன்றும் இருக்கின்றன. அனுமதி இலவசம், ஞாயிறு விடுமுறை. அருகிலேயே பழைய படைமருத்துவமனைக் கட்டடத்தில் 2023-இல் திறக்கப்பட்ட அடிமைமுறை அருங்காட்சியகம் உள்ளது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கதை முழுமையாகும். நேரமிருந்தால் சேன் குருவா பகுதிக்குப் போகலாம். அங்கே சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோயிலும், விடுதலை பெற்ற அடிமைகளிடையே பணியாற்றிய பாதிரியார் லவாலின் கல்லறையும் உள்ளன. செப்டம்பர் 8 இரவு அந்தக் கல்லறைக்கு எல்லா மதத்தினரும் நடந்து வருவார்கள். தென்மேற்கில் உள்ள லெ மோர்ன் மலை, தப்பியோடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த இடம் என்பதால் 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது; காற்றில் பறக்கும் பட்டம் இழுக்க அலைமேல் சறுக்கும் விளையாட்டுக்காக அங்கே வருகிறவர்களில் பலர் அதை அறியாமலே திரும்புகிறார்கள்.

சைவ உணவு குறித்த கவலை வேண்டியதில்லை. தெருவோரத்தில் பருப்பு வைத்த தால் பூரியும், மிளகாய் போட்ட பருப்பு வடையும் கிடைக்கும். திருமண வீடுகளில் வாழையிலையில் ஏழு கறிகளோடு பரிமாறுவார்கள். கடலில்தான் கவனம் தேவை. பவளப்பாறை அரணுள்ள இடங்களில் நீர் குளம்போலிருக்கும். தெற்கே கிரி கிரியில் அந்த அரண் இல்லாததால் அங்கே குளிக்க இறங்கவே கூடாது. எங்கும் காலில் குத்தும் நச்சு முள்ளுள்ள கல்மீனும் கடல்முள்ளெலியும் இருக்கலாம் என்பதால் ரப்பர் காலணியோடு இறங்குவது நல்லது.

புறப்படும் முன் பெட்டியைச் சரிபாருங்கள். தூக்க மாத்திரை, மனநல மருந்து, கடுமையான வலி நிவாரணி ஆகியவற்றுக்கு மருத்துவர் சீட்டு மட்டும் போதாது. அந்நாட்டுச் சுகாதாரத் துறையின் முன் அனுமதி தேவைப்படும். மின்சிகரெட் கொண்டுபோகக் கூடாது. அம்மா கட்டிக் கொடுக்கும் கறிவேப்பிலை, மாம்பழம், செடி, விதை போன்றவற்றை அனுமதியில்லாமல் எடுத்துச் சென்றால் விமான நிலையத்திலேயே பறிமுதல் செய்வார்கள். 2024 பிப்ரவரி முதல் யுபிஐ வழியே பணம் செலுத்தும் வசதி அங்கே உண்டு என்றாலும் எல்லாக் கடைகளிலும் எதிர்பார்க்க முடியாது, கையில் ரொக்கம் வேண்டும். டாக்சிகளில் மீட்டரை நம்பாமல், ஏறும் முன் கட்டணத்தைப் பேசி முடித்து, அது போகவும் வரவும் சேர்த்தா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.