பிராண்டனில் கடை வாங்குவதற்கு முன்

கனடாவின் மனிடோபா மாகாணத்தில் சிறு தொழில்களுக்குக் கணக்கும் வரிப் படிவங்களும் தயாரித்துக் கொடுப்பது என் வேலை. டொராண்டோ பகுதியின் பிராம்ப்டனிலிருந்தோ ஸ்கார்பரோவிலிருந்தோ சில வாரங்களுக்கு ஒருமுறையாவது ஒரே மாதிரியான தொலைபேசி அழைப்பு வருகிறது. “அண்ணா, பிராண்டனில் நன்றாக ஓடுகிற உணவகம் ஒன்று விலைக்கு வருகிறது. ஐம்பதாயிரம் பேர் இருக்கிற ஊர், வீட்டு விலை இங்கே இருப்பதில் பாதிகூட இல்லை. வாங்கிவிடலாமா?” என்று கேட்பார்கள். சொல்லும் விவரங்களில் பிழை இல்லை. 2021 கணக்கெடுப்பின்படி நகரின் மக்கள்தொகை 51,313. ஆனால் அந்த ஐம்பதாயிரம் பேரின் கைக்குப் பணம் எங்கிருந்து, எந்த மாதத்தில் வருகிறது என்பதை யாரும் கேட்பதில்லை. சமவெளியில் உள்ள ஒரு சிறிய நகரில் தொழில் வாய்ப்பு என்பதே அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

மாகாணத் தலைநகர் வின்னிபெக்கிலிருந்து டிரான்ஸ் கனடா நெடுஞ்சாலையில் மேற்கே ஏறக்குறைய 200 கிலோமீட்டர் சென்றால் அசினிபோயின் ஆற்றங்கரையில் பிராண்டன் வரும். கனடியன் பசிபிக் ரயில்பாதை 1881-இல் இங்கே வந்தது. ரயில் நிலையத்துக்கு முதலில் பார்த்த இடம் சற்றுக் கிழக்கே இருந்த கிராண்ட் வேலி. அங்கே நிலத்துக்குக் கேட்ட விலை கட்டுப்படியாகாததால் ரயில் நிறுவனத்தின் பொறியாளர் ராஸர் ஆற்றைக் கடந்து மேற்கே நகர்ந்தார். கிராண்ட் வேலி மறைந்துபோனது, பிராண்டன் அடுத்த ஆண்டே நகரமாகப் பதிவு பெற்றது. கோதுமை நகரம் என்பது இதன் பட்டப்பெயர். இன்றைக்கும் மேற்கு மனிடோபாவின் விவசாயிகள் இயந்திரம், மருத்துவம், துணிமணி என்று எல்லாவற்றுக்கும் வந்து போகும் ஊர் இதுதான் என்பதால், நகரத்துக் கடைகளின் வாடிக்கையாளர்களில் பலர் நகரத்துக்கு வெளியே வசிப்பவர்கள்.

நகரத்தின் மிகப் பெரிய தனியார் வேலைவாய்ப்பு பன்றி இறைச்சி ஆலை. மேப்பிள் லீஃப் ஃபுட்ஸ் நிறுவனம் 1999-இல் திறந்த இந்த ஆலை, அதன் பன்றி இறைச்சிப் பிரிவு 2025-இல் தனியாகப் பிரிந்தபின் கனடா பேக்கர்ஸ் என்ற பெயரில் இயங்குகிறது. 2,000-க்கும் மேற்பட்டோர் வேலை செய்கிறார்கள். உள்ளூரில் ஆள் கிடைக்காமல் 2002 முதல் மெக்சிகோ, எல் சால்வடோர், சீனா, உக்ரைன், கொலம்பியா, மொரீஷியஸ் என்று பல நாடுகளிலிருந்து தொழிலாளர்களை வரவழைத்தார்கள். அவர்களில் பலர் நிரந்தர வதிவிட உரிமை பெற்றுக் குடும்பத்தையும் அழைத்துக்கொண்டார்கள். இந்த ஊரின் கடைத்தெருவில் இன்று கேட்கும் மொழிகளுக்கு அந்த ஆலைதான் காரணம். வார இறுதியில் சம்பளம் வாங்கி, ஊருக்குப் பணம் அனுப்பி, மீதியில் அரிசியும் மசாலாவும் வாங்கும் இவர்களை நம்பித் திறக்கப்பட்ட மளிகைக் கடைகள் சில நன்றாகவே நடக்கின்றன. அதே சமயம், சீன அரசு 2025 மார்ச்சில் கனடியப் பன்றி இறைச்சிக்கு 25 சதவீதமும், கனோலா (கடுகு இன எண்ணெய் வித்து) எண்ணெய், புண்ணாக்கு, பட்டாணி ஆகியவற்றுக்கு 100 சதவீதமும் கூடுதல் வரி விதித்தபோது, பெய்ஜிங்கில் எடுத்த முடிவைப் பற்றி இங்கே டயர் கடைக்காரர் ஒருவர் என்னிடம் கவலையோடு பேசிக்கொண்டிருந்தார். பெரிய நகரத்தில் அந்த அடி பரவலாக விழும். இங்கே அது நேராகக் கல்லாவில் தெரியும்.

ஊரின் கிழக்குப் பக்கம் உர ஆலை ஒன்று உண்டு. கோக் (Koch) நிறுவனம் 2006-இல் சிம்ப்ளாட் நிறுவனத்திடமிருந்து வாங்கிய இந்த ஆலை, இயற்கை எரிவாயுவிலிருந்து ஹைட்ரஜனையும் காற்றிலிருந்து நைட்ரஜனையும் எடுத்து அம்மோனியாவும் யூரியாவும் செய்கிறது. வசந்தத்தில், மே மாத விதைப்புக்கு முன், உரமும் விதையும் வாங்கும் விவசாயி பெரும்பாலும் கடனில்தான் வாங்குகிறார். அறுவடை முடிந்து கோதுமையும் கனோலாவும் விற்ற பிறகே பணம் கைக்கு வரும். ஆகவே கருவி பழுதுபார்ப்பவர், வெல்டிங் பட்டறைக்காரர், லாரி வைத்திருப்பவர் ஆகியோர் கோடை முழுவதும் வேலை செய்துவிட்டு இலையுதிர் காலத்தில்தான் தொகையைப் பார்க்கிறார்கள். வேண்டும்போது எடுத்து, பணம் வந்ததும் திருப்பிக் கட்டும் சுழல் கடன் வசதி வங்கியில் இல்லாமல் இந்தத் தொழில்களில் இறங்குவது ஆபத்து.

இந்தப் பருவ ஓட்டத்தை அறியாமல் ஒரு தம்பதி என்னிடம் வந்தார்கள், கடையை வாங்கி முடித்த பிறகு. விற்றவர் அவர்களுக்குக் காட்டியது ஜூன் முதல் நவம்பர் வரையிலான ஆறு மாத விற்பனைக் கணக்கு. அதில் ஒரு பொய்யும் இல்லை. ஆனால் ஜனவரி இரவுகளில் வெப்பநிலை மைனஸ் 30-ஐத் தொடும்போது, ஆட்கள் வருவது குறைந்து, எரிவாயுக் கட்டணமும் பனி அள்ளும் கூலியும் ஏறி, வாடகை மட்டும் அப்படியே நின்றது. அந்த வாடகையிலும் ஒரு சூட்சுமம் இருந்தது: ஒப்பந்தப்படி கட்டடத்தின் சொத்து வரி, காப்பீடு, பராமரிப்பு மூன்றும் வாடகைக்கு எடுப்பவர் தலையில். இத்தகைய ஒப்பந்தம் இங்கே மிகச் சாதாரணமானது, யாரும் அதை மறைப்பதில்லை. படித்துப் பார்ப்பவர்கள்தான் குறைவு. குறைந்தது மூன்று ஆண்டு வரிப் படிவங்களையும் மாதவாரி வங்கிக் கணக்கையும் கேட்டு வாங்குங்கள். தரத் தயங்கும் விற்பனையாளரிடம் மேலும் பேசிப் பயனில்லை.

மருத்துவமனை, பிராண்டன் பல்கலைக்கழகம், அசினிபோயின் கல்லூரி, அருகிலுள்ள ஷைலோ ராணுவத் தளம் ஆகியவை பருவம் பாராமல் சம்பளம் கொடுப்பவை என்பதால், குளிர்காலத்தில் கடைகள் தாக்குப்பிடிப்பது பெரும்பாலும் இந்தச் சம்பளங்களால்தான். நகரின் கண்காட்சி வளாகமான கீஸ்டோன் சென்டரில் ஜனவரியில் வேளாண் கண்காட்சியும், மார்ச் இறுதியில் குளிர்காலச் சந்தையும் நடக்கும் நாட்களில் விடுதிகளில் அறை கிடைப்பது கடினம். ஆனால் அந்தச் சில நாட்களை வைத்து ஆண்டு வருமானத்தைக் கணக்கிடக் கூடாது.

அப்படியானால் வாய்ப்பு எங்கே என்று கேட்டால், என் மேசைக்கு வரும் கணக்குகளை வைத்துச் சொல்கிறேன்: ஆரவாரமில்லாத தொழில்களில். வீட்டுச் சூடேற்றி பழுதுபார்த்தல், குளிர்சாதனம், மின்வேலை, குழாய் வேலை, கனரக வாகனப் பழுது, கட்டடங்களைச் சுத்தம் செய்தல் ஆகியவற்றில் ஆள் தட்டுப்பாடு தீர்ந்தபாடில்லை. இவற்றை நடத்தும் உரிமையாளர்களில் பலருக்கு அறுபது வயதைக் கடந்துவிட்டது, பிள்ளைகளோ வேறு ஊரில். விளம்பரத்துக்கு வரும் முன்பே கணக்காளர் காதுக்கும் வழக்கறிஞர் காதுக்கும் வந்துவிடும் விற்பனைகள் இவை. ஓராண்டு அதே பட்டறையில் சம்பளத்துக்கு வேலை பார்த்துவிட்டு, பழைய உரிமையாளருக்குத் தவணையில் பணம் கட்டி வாங்கியவர்கள், நான் பார்த்தவரை, முழுப் பணத்தையும் முதல் நாளே கொடுத்து உணவகம் வாங்கியவர்களைவிட நிம்மதியாக இருக்கிறார்கள். உரிமம் தேவைப்படும் வேலைகளில் அதைப் பெறச் சில ஆண்டுகள் ஆகலாம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இனி காகிதங்கள். நிறுவனத்தின் பங்குகளை வாங்கினால் அதன் பழைய கடனும் வரிப் பாக்கியும் உங்களுடன் வரும். சொத்துகளை மட்டும் வாங்கினாலும், மாகாண விற்பனை வரித் துறையிடம் பாக்கி இல்லை என்ற சான்றிதழை விற்பவர் பெற்றுத் தராவிட்டால், அவருடைய பாக்கி உங்களைத் துரத்தக்கூடும். உணவகத்தில் பில்லோடு சேர்த்து வசூலிக்கும் 5 சதவீத ஜிஎஸ்டியும் 7 சதவீத மாகாண வரியும் அரசின் பணம். அதை எடுத்து வாடகை கட்டுவதுதான் நான் அடிக்கடி காணும் முதல் சறுக்கல். நல்ல செய்தியும் உண்டு: தகுதியுள்ள சிறு நிறுவனத்தின் முதல் 5,00,000 டாலர் தொழில் இலாபத்துக்கு மனிடோபாவின் மாகாண வருமான வரி பூஜ்யம், கூட்டாட்சி வரி 9 சதவீதம்.

குடியேற்றத்துக்காகவே தொழிலைத் தேடுபவர்களுக்குத் தனியே ஒரு எச்சரிக்கை. 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட ஊரகச் சமூகக் குடியேற்ற முன்னோடித் திட்டத்தில் உள்ள 14 சமூகங்களில் பிராண்டனும் ஒன்று. ஆனால் அது அங்கீகரிக்கப்பட்ட முதலாளி தரும் வேலைக்கானது, நீங்களே வாங்கிய கடையில் உங்களுக்கு நீங்களே தரும் வேலைக்கானதன்று. முதலீட்டாளருக்கு மாகாணத்தின் வேறு வழி இருக்கிறது. வின்னிபெக் பெருநகரப் பகுதிக்கு வெளியே அதற்கான குறைந்தபட்ச முதலீடாக மாகாணம் வைத்திருந்தது 1,50,000 டாலர். பணத்தைப் போட்டுவிட்டு டொராண்டோவில் உட்கார்ந்திருக்க அது இடம் தராது. விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் விண்ணப்பிக்கும் நாளில் மாகாண அரசின் தளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேலைக் கடிதம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது 30,000 டாலர் கேட்டால், அது கட்டணமே அல்ல, குற்றம். அப்படிப் பணம் கொடுத்துவிட்டு வந்த ஒருவருக்கு என்னால் செய்ய முடிந்ததெல்லாம் ஒரு வழக்கறிஞரின் எண்ணைக் கொடுத்ததுதான்.