சர்ட்டுயின்: புளித்த பானையிலிருந்து ஒரு பெயர்

தஞ்சாவூரில் உயிர்த்தொழில்நுட்பம் படிக்கும் அண்ணன் மகள் போன வாரம் ஒரு படம் அனுப்பினாள். சுண்டுவிரல் நுனி அளவுக் குப்பி, அதன் மேல் ‘ரீகாம்பினன்ட் ஹியூமன் சர்ட்1’ என்று ஒட்டிய சீட்டு. சர்ட்டுயின் என்ற புரதக் குடும்பத்தில் ஒன்று சர்ட்1. கல்லூரிக் கண்காட்சிக்குச் சுற்றுவட்டாரப் பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்களாம். “சித்தப்பா, இதுக்குத் தமிழ்ல ஒரு அட்டை எழுதணும். ‘மனித மறுசேர்க்கை நொதி’ன்னு போட்டுடவா?”

போட்டுவிடாதே என்றேன். நம் ஊரில் மறுசேர்க்கை என்றால், பாதியில் படிப்பை விட்டவன் திரும்பக் கல்லூரியில் சேர்வது. அதற்கு முன்னால் ‘மனித’ என்றும் போட்டால், மனிதர்களையே பிரித்துச் சேர்க்கிறார்களோ என்று பிள்ளைகள் பயந்துவிடும். ஆனால் கடைசிச் சொல்லில் எனக்குக் குறை இல்லை. உயிரணுவின் வேதிவேலைகளை விரைவாக்கும் புரதமான என்சைமுக்கு நொதி நல்ல சொல்.

நொதித்தல் என்பது புளித்துப் பொங்கி நுரைப்பது. வீட்டில் யாரும் ‘மாவு நொதித்துவிட்டது’ என்று சொல்வதில்லை. புளித்தது, பொங்கியது என்றுதான் சொல்கிறோம். சரி, ஏட்டுச் சொல்தான். ஆனாலும் ராத்திரிச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் நீச்சத்தண்ணியின் மேல் குமிழி கட்டியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. என்சைம் என்ற சொல்லும் அப்படியொரு பானையிலிருந்து வந்ததுதான். 1870களில் ஜெர்மானிய உடலியங்கியல் அறிஞர் வில்ஹெல்ம் கூனே அதைக் கிரேக்கத்திலிருந்து ஆக்கினார். ‘என்’ என்றால் உள்ளே, ‘சைமே’ என்றால் புளிப்பு மா. புளிப்பு மாவுக்குள் இருப்பது எதுவோ அது என்சைம். ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் உயிரோடு இல்லாமல் நொதித்தல் நடக்காது என்று பலர் நம்பிய காலம் அது. 1897இல் ஜெர்மானிய வேதியியலாளர் எடுவார்ட் புக்னர் ஈஸ்ட்டை அரைத்துப் பிழிந்தார். அந்த வெறும் சாறே சர்க்கரையை நொதிக்க வைத்தது. இலங்கைத் தமிழில் இதற்கு நொதியம் என்று பெயர். செயலையும் பொருளையும் பிரித்துக் காட்டும் அந்த ‘அம்’ எனக்குப் பிடிக்கும். ஆனால் நம் பாடநூல்களில் நொதி வேர் பிடித்துவிட்டது. இனிமேல் அதைப் பிடுங்கி நட வேண்டாம்.

சர்ட்டுயினும் ஈஸ்ட் தந்த பெயர்தான். ஈஸ்ட்டில் சில மரபணுக்களை வாய் திறக்கவிடாமல் அடக்கி வைக்கும் நான்கு மரபணுக்கள் இருக்கின்றன. ‘சைலன்ட் இன்ஃபர்மேஷன் ரெகுலேட்டர்’ என்பதன் முதலெழுத்துகளைச் சேர்த்து அவற்றுக்கு ‘சர்’ என்று பெயர் வைத்தார்கள். இரண்டாவது, சர்-டூ. அதோடு புரதப் பெயர்களுக்கு வரும் ‘இன்’ விகுதியைச் சேர்த்தால் சர்ட்டுயின். சர்-டூ மரபணுவை ஒரு நகல் கூடுதலாகக் கொடுத்தால் ஈஸ்ட்டின் தாய் உயிரணு அதிகத் தடவை மொட்டு விடுகிறது, அதாவது அதன் ஆயுள் நீள்கிறது என்று 1999இல் அமெரிக்க உயிரியலாளர் லெனர்ட் குவாரன்டேயின் ஆய்வகம் எழுதியது. முதுமை ஆய்வு இதைப் பிடித்துக்கொண்டது அதற்குப் பிறகுதான். மனிதரிடம் ஏழு சர்ட்டுயின்கள் உண்டு. அவற்றில் சர்-டூவுக்கு மிக நெருங்கிய சொந்தம் சர்ட்1.

அது செய்யும் வேலையைப் பத்தாயத்தை வைத்துச் சொல்லலாம். மரபணு இழை சில புரதங்களின் மேல் சுற்றி வைக்கப்பட்டிருக்கிறது. அந்தப் புரதத்தில் அசிட்டைல் என்ற சிறு துணுக்கு ஒட்டினால் சுற்று தளரும். கதவிடுக்கில் ஆப்பு வைத்த மாதிரி பத்தாயம் திறந்தே இருக்கும். சர்ட்1 அந்த ஆப்பைப் பிடுங்குகிறது, கதவு சாத்திக்கொள்கிறது, உள்ளே இருக்கும் மரபணு அடங்கிவிடுகிறது. ஒவ்வொரு ஆப்புக்கும் ஒரு என்.ஏ.டி. மூலக்கூறு கூலி. உயிரணு உணவிலிருந்து ஆற்றல் எடுப்பதற்கும் அதே என்.ஏ.டி. வேண்டும் என்பதால் இந்த நொதி வளர்சிதை மாற்றத்தோடும் பிணைந்திருக்கிறது. என்.ஏ.டி.யின் முதல் தடயம் கிடைத்ததும் ஈஸ்ட் சாற்றில்தான். 1906இல் அதைக் கண்டவர்கள் பிரிட்டிஷ் வேதியியலாளர்கள் ஹார்டனும் யங்கும். அசிட்டைல் மட்டும் என்ன, காடியை, அதாவது வினிகரை, குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. எல்லாமே புளித்த சரக்கு!

இனி அந்த ‘ரீகாம்பினன்ட்’. மனித மரபணுவை வெட்டியெடுத்து, வளையமான ஒரு டி.என்.ஏ.வில் ஒட்டி, ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் விடுகிறார்கள். அது தன் புரதங்களோடு நம் புரதத்தையும் சேர்த்துச் செய்கிறது. அப்புறம் உடைத்து, வடித்து, தூய்மை செய்கிறார்கள். குத்தகைச் சாகுபடி மாதிரி: விதை நம்முடையது, வயல் பாக்டீரியாவுடையது. 1982 முதல் விற்பனைக்கு வந்த மனித இன்சுலினும் இந்த வழியில் விளைந்ததே. பாடநூல்களில் மறுகூட்டிணைவு என்றும் ஒரு சொல் உண்டு. துல்லியமானது, ஆனால் வாயில் நுழைவதற்குள் பிள்ளைகள் அடுத்த மேசைக்குப் போய்விடும். ஒட்டுமாங்கன்றைத் தெரியாத பிள்ளை நம் பக்கம் இல்லை. அதனால் ‘ஒட்டு மரபணு’ என்றே சொல்லலாம் என்பது என் கட்சி. மாங்கன்றில் ஒட்டுவது கிளை, இங்கே ஒட்டுவது மரபணு என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

“இதைச் சாப்பிட்டா வயசு குறையுமான்னு கேட்டா?” என்றாள். நிச்சயம் கேட்பார்கள், ஆசிரியர்கள்தான் முதலில் கேட்பார்கள். நொதி ஒரு புரதம். விழுங்கினால் பருப்பைப் போலச் செரித்துவிடும். குப்பியில் இருப்பது மருந்து அல்ல, ஒரு பொருள் இந்த நொதியை முடுக்குகிறதா தடுக்கிறதா என்று சோதனைக் குழாயில் பார்ப்பதற்கானது. அதிலும் ஏமாறலாம். திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெரட்ரால் சர்ட்1ஐ முடுக்குகிறது என்று 2003இல் செய்தி வந்தது. 2008இல் அதை நம்பி எழுந்த ஒரு நிறுவனம் 72 கோடி டாலருக்கு விலைபோனது. சோதனைக்காக ஒட்டிய ஒளிரும் சாயம்தான் அப்படிக் காட்டியது என்று 2010இல் வேறு ஆய்வாளர்கள் எழுதினார்கள். வாதம் அதோடு முடியவில்லை.

அட்டையில் கடைசியாக எழுதியது: ‘சர்ட்1: ஒட்டு மரபணு வழியே பாக்டீரியாவில் விளைந்த மனித நொதி.’ நீளம்தான். கீழே சிறிய எழுத்தில் ‘குடிக்கக் கூடாது’ என்று அவளாகவே சேர்த்திருக்கிறாள்.